திட்டம் பெரிதானால் கேள்வியும் பெரிதாக வேண்டும்

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டி, ஒரு பாலம் பாதியில் நிற்கிறது. 1967இல் கட்டப்பட்ட பாலம் அது. மீனவர்களும் உழைக்கும் மக்களும் ஆற்றைக் கடந்து பட்டினப்பாக்கம் பக்கம் போய்வர உதவியது. 1977இல் ஆற்று நீரின் வேகம் தாங்காமல் இடிந்தது. அதன் பிறகு யாரும் அதைத் திருப்பிக் கட்டவில்லை. 'உடைந்த பாலம்' என்பதே அதன் பெயராகிவிட்டது. சினிமாக்காரர்கள் வந்து படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள்.

அதே கரையில் இன்னொரு பாலமும் உண்டு. அது காகிதத்தில் மட்டும் இருக்கிறது. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரை ஓரமாகவே தூண்கள் நட்டு உயர்மட்டச் சாலை போடுவது என்று 2009, 2010 வாக்கில் அரசு முனைந்தது. நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம், ஊரூர், திருவான்மியூர் என்று வரிசையாக இருக்கும் குப்பங்கள் எதிர்த்து நின்றன. வலை உலர்த்தும் மணலில், படகு ஏற்றும் கரையில் தூண் வந்தால் தொழில் போய்விடும் என்றார்கள். சாலை வரவில்லை. ஆனால் அந்த யோசனை முழுதாகச் சாகவும் இல்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து நீலாங்கரை வரை கடலுக்குள்ளேயே பாலம் போடலாம் என்ற பேச்சு அண்மை ஆண்டுகளில் மறுபடி எழுந்திருக்கிறது.

இந்த இரண்டு பாலங்களுக்கும் என்ன வித்தியாசம்? நீளம், அகலம், செலவு என்று சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். சிறிய திட்டத்தைப் பத்து மடங்கோ நூறு மடங்கோ பெருக்கினால் பெரிய திட்டம் ஆகிவிடாது. ஒரு அளவைத் தாண்டியதும் திட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. பணம் வரும் வழி, முடிவெடுக்கும் ஆள், பொருந்தும் சட்டம், தவறு நடந்தால் அடிபடும் ஆள் எல்லாமே மாறுகின்றன. அந்த மாற்றத்தில் சேரியும் குப்பமும் எங்கே நிற்கின்றன என்பதுதான் நமக்கு முக்கியம்.

இரண்டு வகுப்பறையும் இருபது கிலோமீட்டரும்

ஊராட்சிப் பள்ளியில் இரண்டு வகுப்பறை கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரர் யார் என்று ஊருக்கே தெரியும். சிமென்ட் குறைவாகப் போட்டால் கொத்தனார் வேலைக்குப் போன நம் ஆட்களே வந்து சொல்லிவிடுவார்கள். ஒரு அறை முடிந்து இன்னொன்று நின்றுபோனாலும், முடிந்த அறையில் பிள்ளைகள் உட்காரலாம். அடுத்த கிராம சபையில் தலைவரைப் பிடித்துக் கேட்கலாம். வேலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் அவரை மாற்றவும் செய்யலாம். திட்டத்தைக் கொண்டுவந்தவர், கட்டியவர், பயன்படுத்துபவர், கேள்வி கேட்பவர் அனைவரும் ஒரே ஊர் எல்லைக்குள் இருக்கிறார்கள்.

பெரும் திட்டத்தில் இந்த நால்வரும் நான்கு திசையில் போய்விடுகிறார்கள். அறிவிப்பவர் ஒருவர். பத்து வருடம் கழித்துத் திறந்துவைப்பவர் வேறொருவர். அறிக்கை எழுதும் நிறுவனம் வேறு ஊரில் இருக்கும், கடன் கொடுக்கும் வங்கி வேறு நாட்டில் இருக்கும். வீட்டைக் காலி செய்பவரும் அதன் பயனை அனுபவிப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். பொறுப்பு இத்தனை துண்டானால் கேள்வியை யாரிடம் கேட்பது?

இன்னொரு வேறுபாடு, பாதியில் நின்றுபோனால் பெரும் திட்டத்தால் ஒரு பயனும் இல்லை என்பது. சேது சமுத்திரத் திட்டம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2005 ஜூலையில் மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். 167 கிலோமீட்டர் கால்வாய்க்கு 2,427 கோடி ரூபாய் மதிப்பீடு. 2007இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவோடு ஆதாம் பாலம் பகுதியில் வேலை நின்றது. நூற்றுக்கணக்கான கோடிகள் கடலடி மணலோடு போயின. முக்கால் கால்வாய் வெட்டியிருந்தாலும் முக்கால் கப்பல் போகாது.

சென்னை பறக்கும் ரயிலில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டிப்பு வெறும் 5 கிலோமீட்டர்தான். 2008இல் வேலை தொடங்கியது. கடைசி 500 மீட்டர் நிலத்துக்கான வழக்குகளில் பத்தாண்டுக்கும் மேல் சிக்கி நின்றது. அத்தனை காலமும் மீதி நாலரை கிலோமீட்டர் தூண்களில் ஏறி நிற்க ரயில் இல்லாமல் கிடந்தது. சிறிய வேலையில் ஒரு மூலை தாமதமானால் அந்த மூலை மட்டும் தாமதம். பெரிய வேலையில் ஒரு மூலை தாமதமானால் முழுவதும் தாமதம்.

மதுரவாயல் சொல்லும் கதை

இதற்குச் சென்னையிலேயே கண்கூடான சாட்சி, துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அன்றைய மதிப்பீடு 2 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் குறைவு. தூண்கள் கூவம் ஆற்றோரமாக எழுந்தன. 2011இல் ஆட்சி மாறியது. தூண்கள் ஆற்றின் போக்கைத் தடுக்கின்றன என்று சொல்லி 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பத்து வருடம் அந்தத் தூண்கள் மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி ஈரடுக்குப் பாலமாக அதே சாலைக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 5,850 கோடியைத் தாண்டிவிட்டது.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் கோடிகளின் கதையாகத்தான் எழுதின. அதற்கு இன்னொரு பக்கம் உண்டு. சாலைக்காகக் கூவம் கரையில் இருந்த குடிசைகள் முதலிலேயே அகற்றப்பட்டன. அந்தக் குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டன. பிறகு சாலை நின்றுபோனது. வேலை நின்றதும் அந்தக் குடும்பங்களைத் திருப்பி அழைத்து வந்து குடியமர்த்தினார்களா? இல்லை. சாலை பத்து வருடம் காத்திருக்க முடிந்தது. அந்த வீடுகளால் பத்து நாள் காத்திருக்க முடியவில்லை.

பெரும் திட்டத்தின் மிக முக்கியமான குணம் இதுதான். இழப்பு முதல் நாளே வந்துவிடும். பயன் கடைசி நாளில்தான் வரும். நடுவில் என்ன நடந்தாலும் இழந்தவருக்கு இழந்தது இழந்ததுதான். திட்டம் கைவிடப்பட்டால், அந்த இழப்புக்கு ஒரு காரணம்கூட மிஞ்சாது.

கணக்கு ஏன் எப்போதும் ஒரே பக்கம் தப்புகிறது?

டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பென்ட் ஃப்ளூவ்பியர் இதையே பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர். 2002இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. ரயில் திட்டங்களில் சராசரியாக 45 சதவீதம், பாலங்களிலும் சுரங்கங்களிலும் 34 சதவீதம், சாலைகளில் 20 சதவீதம் கூடியிருந்தது. பின்னால் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, சொன்ன செலவில், சொன்ன காலத்தில், சொன்ன பயனோடு முடிந்தவை 200க்கு ஒன்றுதான்.

பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆஸ்திரேலியாவின் சிட்னி ஒபேரா மாளிகையை 70 லட்சம் டாலரில் நான்கு வருடத்தில் கட்டிவிடுவதாகச் சொன்னார்கள். 14 வருடம் ஆனது. செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது.

வெறும் கணக்குப் பிழை என்றால் சில இடங்களில் செலவு கூடும், சில இடங்களில் குறையும். ஆனால் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் செலவு கூடியே வருகிறது என்றால், அது தற்செயலாக நடக்கும் பிழை அல்ல. உண்மைச் செலவைச் சொன்னால் அனுமதி கிடைக்காது, குறைத்துச் சொன்னால் கிடைக்கும். ஒருமுறை தூண் எழும்பிவிட்டால் 'இவ்வளவு செலவழித்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியுமா?' என்பதே அடுத்த வாதம் ஆகிவிடும். கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட பிறகு வரதட்சணையைக் கூட்டிக் கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரின் தந்திரம்தான் இது.

செலவு கூடும்போது எங்காவது குறைக்கத்தான் வேண்டும். இரும்பைக் குறைத்தால் பாலம் விழும். வட்டியைக் குறைக்க வங்கி சம்மதிக்காது. எதிர்த்துக் கேட்க ஆளில்லாத இடத்தில்தான் கை வைப்பார்கள். மறுவாழ்வுக்கு ஒதுக்கிய பணம் அப்படிப்பட்ட இடம்.

பெரியவருக்கு ஒரு சட்டம்

'பெரிது' என்பதற்குத் தமிழ்நாட்டில் இப்போது சட்டத்திலேயே ஒரு அளவு இருக்கிறது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் அது. 100 ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது சுமார் 247 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள திட்டத்தை அரசு 'சிறப்புத் திட்டம்' என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால், உள்ளே இருக்கும் ஓடை, வாய்க்கால், நீர்நிலை அடங்கிய அரசு நிலத்தையும் திட்ட நிலத்தோடு சேர்த்து ஒருங்கிணைக்க வழி பிறக்கிறது. நிபுணர் குழு, நிபந்தனை என்று சில வேலிகளும் சட்டத்தில் உண்டு. விவசாயிகளும் சூழலியலாளர்களும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

இதே தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் இருக்கிறது. போக்கிடம் இல்லாமல் ஏரிக்கரையில் குடிசை போட்ட குடும்பத்துக்கு வருவது இந்தச் சட்டம். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை சென்ட் எடுத்தவர் ஆக்கிரமிப்பாளர். 247 ஏக்கர் எடுப்பவர் சிறப்புத் திட்டக்காரர். ஏரிக்கு இருவரும் ஒன்றுதான். சட்டத்துக்குத்தான் இருவரும் வேறு வேறு.

நிலம் எடுப்பதிலும் இப்படித்தான். 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் எடுப்புச் சட்டம், நிலத்தை எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. ஆனால் தமிழ்நாடு அரசு தன்னுடைய மூன்று பழைய சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கியது. தொழில் நோக்கத்துக்கான 1997 சட்டம், நெடுஞ்சாலைகளுக்கான 2001 சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978 சட்டம் ஆகியவை அந்த மூன்றும். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்கு செல்லாது என்றது. சில நாட்களிலேயே சட்டமன்றத்தில் புதிய சட்டம் வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இந்த மூன்று சட்டங்களில் ஒன்று நம் பெயரால் இருப்பதைக் கவனியுங்கள். ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு நிலம் எடுக்கும் சட்டமும், தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் சட்டமும் ஒரே விலக்கில் பயணித்தன. பயன் இரண்டுக்கும் ஒரே வேகத்தில் வந்ததா? பட்டா கையில் இருக்கும், மனை எங்கே என்று காட்ட ஆள் இருக்காது. இந்த நிலையில் வருடக் கணக்காக மனு கொடுத்து அலையும் காலனிகள் எத்தனையோ. தொழிற்பேட்டைக்கு அளவுக்கல் நடும்போது மட்டும் நில அளவையர்கள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள்.

2018இல் சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைக்கு 277 கிலோமீட்டர் தூரத்துக்கு மளமளவென்று கல் நட்டார்கள். மறு வருடம் ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கிய காட்சியை நாடே பார்த்தது. மயானத்துக்குப் போகும் பாதை சாதி இந்துக்களின் வயல்களால் அடைபட்டிருந்தது. உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளக்க முடிந்த அரசுக்கு, சுடுகாட்டுக்கு எட்டடிப் பாதை அளக்க ஏன் முடியவில்லை? பணம் இல்லை என்று சொல்ல முடியாது, சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெரிய திட்டத்துக்கு எதிராக நிற்பவர்கள் சிதறிய ஏழைகள். எட்டடிப் பாதைக்கு எதிராக நிற்பது ஊரின் ஆதிக்கச் சாதி. அரசுக்கு எதை மீறுவது சுலபம் என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் சேர்ந்து சொல்கின்றன.

யார் நிலம், யார் தோள்

இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு வளர்ச்சித் திட்டங்களால் இடம்பெயர்ந்தவர்களும் பாதிக்கப்பட்டவர்களும் சுமார் 6 கோடி என்று ஆய்வாளர் வால்டர் பெர்னாண்டஸ் மதிப்பிட்டார். அவர்களில் சுமார் 40 சதவீதம் பழங்குடியினர், 20 சதவீதம் தலித்துகள். மக்கள் தொகையில் பழங்குடியினர் 8.6 சதவீதம், பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம் என்பதை வைத்து இதைப் படிக்க வேண்டும்.

தலித்துகளின் உண்மையான பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரணம், நிலம் எடுப்பதில் முதலில் எண்ணப்படுவது பட்டா. பட்டா உள்ளவர் 'நில உரிமையாளர்'. அவர் நிலத்தில் மூன்று தலைமுறையாக நாற்று நட்டவருக்கு அந்தப் பட்டியலில் பெயர் கிடையாது. புறம்போக்கில் வீடு கட்டியவருக்கு வீட்டின் விலை கிடைத்தாலும் மண்ணின் விலை கிடையாது. நில உரிமையாளர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு பக்கத்து நகரத்தில் மனை வாங்குவார். அவருடைய வயலில் வேலை செய்தவருக்கு வேலையும் போகும், ஊரும் போகும், கையில் ஒரு ரூபாயும் வராது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பயனாக 1892இல் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அந்தப் பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போனதற்கு எதிரான போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் காரணையைச் சேர்ந்த ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அதே வட்டாரத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு 13 கிராமங்களின் நிலம் வேண்டும் என்று 2022இல் அறிவிப்பு வந்தது. 20 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் என்றார்கள். ஏகனாபுரம் மக்கள் நாள் எண்ணிப் போராடினார்கள், கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். இப்படிப்பட்ட இடங்களில் பட்டாதாரரின் குரல் செய்தியாகிறது. அதே கிராமத்துக் காலனியில் இருக்கும் கூலித் தொழிலாளியின் கணக்கை யார் எடுக்கிறார்கள் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

நகரத்தில் இதன் முகம் வேறு. ஊரூர் ஒல்காட் குப்பத்து மீனவர்கள் பட்டியல் சாதியினர் அல்லர், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். ஆனாலும் கடலோரக் குப்பமும் ஆற்றங்கரைச் சேரியும் திட்ட வரைபடத்தில் ஒரே நிறத்தில்தான் தீட்டப்படுகின்றன. சுனாமிக்குப் பிறகும், 2015 வெள்ளத்துக்குப் பிறகும், நதிச் சீரமைப்பின் பெயராலும், சென்னையின் உழைக்கும் மக்கள் செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேல். நடு நகரத்தில் வீட்டு வேலை, சுமை தூக்குதல், பூ விற்பது, துப்புரவு என்று பிழைத்தவர்கள் 25 கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். பள்ளிக்கூடம் நடு ஆண்டில் மாறியது. விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்கே வளர்ந்த இளைஞர்கள் சொல்வதைக் கேட்கலாம். ஊர்ப்புறத்தில் சேரி ஊருக்கு வெளியே இருப்பதை நாம் தீண்டாமை என்கிறோம். நகரத்தின் சேரியை நகரத்துக்கு வெளியே மொத்தமாகக் கட்டிவைத்தால் அதற்கு 'மறுகுடியமர்வு' என்று பெயர்.

பெரும்பாக்கமே ஒரு பெரும் திட்டம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பெரும் திட்டம் மக்களைப் பெயர்க்கிறது. பெயர்ந்தவர்களை வைக்க இன்னொரு பெரும் திட்டம் வருகிறது. இரண்டிலும் அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அண்ணல் என்ன நினைத்தார்?

அப்படியானால் பெரிய திட்டமே வேண்டாமா? தலித் அரசியலின் விடை அது அல்ல. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர், மகாநதி, சோன் ஆறுகளில் பல்நோக்குத் திட்டங்களுக்கு அடித்தளம் போட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மத்திய நீர்வழி, பாசன ஆணையம் 1945இல் அவர் காலத்தில்தான் உருவானது. கிராமத்தின் பழமையில் அவருக்கு மயக்கம் இருந்ததில்லை. மின்சாரமும் தொழிற்சாலையும் வந்தால் சாதிக் கட்டு தளரும் என்று நம்பியவர் அவர். எனவே பெரிது என்பதற்காகவே ஒன்றை எதிர்ப்பது நம் வழி அல்ல.

ஆனால் அவர் அரசமைப்பில் எழுதிவைத்த நெறியைப் பெரும் திட்டங்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரே மதிப்பு. இந்த அளவுகோலில் வைத்தால், பயன் ஒரு கூட்டத்துக்கும் சுமை இன்னொரு கூட்டத்துக்கும் போகும் திட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தேறாது.

பெரிய மாற்றம் எப்போதும் பெரிய கட்டடமாகத்தான் வரும் என்பதும் இல்லை. ஊரூர் ஒல்காட் குப்பத்தின் பெயரே அதற்குச் சான்று. பிரம்மஞான சபையின் முதல் தலைவரான கர்னல் ஒல்காட், 1894இல் இந்தப் பகுதியில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பள்ளிக்கூட வாசலில் நம் பிள்ளைகளை நிறுத்தி வைத்த காலம் அது. அடுத்த சில ஆண்டுகளில் அது நான்கைந்து பள்ளிகளாகப் பெருகியது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தத்தைத் தேடி ஒல்காட்டோடு இலங்கை போனதும் இந்த உறவின் தொடர்ச்சியே. ஒல்காட் நினைவுப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் இலவசமாகப் பாடம் சொல்கிறது.

அந்தப் பள்ளியைப் பெரும் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பள்ளி தேறிய பிறகுதான் இரண்டாவது வந்தது. ஒன்று மூடினாலும் மற்றவை நிற்கும். முதல் நாளே முதல் பிள்ளைக்குப் பயன் கிடைத்தது, யாருடைய வீடும் இடிபடவில்லை. இன்றைய திட்ட வல்லுநர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பெரியதைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனித்தே பயன்படும்படி செய்தால் தவறு சிறிதாகவே இருக்கும், திருத்தவும் முடியும். 20 ஆயிரம் வீடுகளை ஒரே இடத்தில் குவிப்பதற்குப் பதிலாக, அவரவர் இருக்கும் இடத்திலேயே நூறு இருநூறாகக் கட்டலாம். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியதுதான் நடைமுறையாக இருந்தது. வாரியத்தின் பெயர் 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. பெயரோடு அந்தப் பழைய நடைமுறையும் திரும்பி வந்தால் நல்லது.

கேட்க வேண்டியவை

குப்பத்து மக்கள் நமக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருக்கிறார்கள். அரசின் கடலோர வரைபடத்தில் தங்கள் வலை காயும் இடமும் படகுத் துறையும் வெறும் மணலாகக் காட்டப்பட்டிருப்பதைப் பார்த்த மீனவ இளைஞர்கள், தாங்களே கணினியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டார்கள். எந்த இடம் எந்தப் பயனுக்கு என்று குறித்து அதிகாரிகள் முன் வைத்தார்கள். வரைபடத்தில் இல்லாதவரை வெளியேற்றுவது சுலபம், இருப்பவரை வெளியேற்ற விசாரணை வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு பெரும் திட்டம் வருகிறது என்றால், நாமும் சிலவற்றைச் செய்ய முடியும். முதலாவது, ஆவணம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலம் இல்லாத விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரம் பிரிப்பவர்கள், கைவினைஞர்கள் மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்திருந்தால் அவர்களும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான். இதை நிரூபிக்கத் தாள் வேண்டும். ரேஷன் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று, மின் ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது, பட்டியல் சாதியினருக்கான தனிப் பிரிவுகள். அதே சட்டத்தின் 41, 42ஆம் பிரிவுகள் நமக்காகவே எழுதப்பட்டவை. மாவட்டத்துக்கு வெளியே குடியமர்த்தினால் மறுவாழ்வுப் பணம் 25 சதவீதம் கூடுதலாகவும், ஒருமுறைத் தொகையாக 50 ஆயிரம் ரூபாயும் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. கேட்காமல் தருபவர்கள் அதைவிடக் குறைவு.

மூன்றாவது, மேடை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. காலனியிலிருந்து நூறு பேர் போய் உட்கார்ந்தால் தீர்மானத்தின் வாசகம் மாறும். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டமென்றால் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வரும். அதற்குமுன் திட்ட அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அதை வாங்கி, தெருவில் உட்கார்ந்து, படித்துக் காட்ட வேண்டும். கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

அந்த அறிக்கையைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இது பாதியில் நின்றால் எங்களுக்கு என்ன ஆகும்? செலவு இரட்டிப்பானால் எந்தச் செலவைக் குறைப்பீர்கள்? வீட்டை இடிக்கும் முன் மாற்று வீட்டின் சாவி கையில் வருமா? இந்தப் பயனை அடையும் ஒரு லட்சம் பேரில் எங்கள் தெருவிலிருந்து எத்தனை பேர்?

இரண்டு வகுப்பறைத் திட்டத்துக்கு இந்தக் கேள்விகள் தேவைப்படாது. ஆயிரம் கோடித் திட்டத்துக்குக் கட்டாயம் தேவை. நாட்டின் நன்மைக்காக என்று நம்மிடம் ஒன்றைக் கேட்பவர்கள், அந்த நாட்டில் நாமும் உண்டா என்பதற்கு முதலில் எழுத்தில் பதில் தரட்டும்.